திங்கட்கிழமை மூச்சு

சாந்தோம் குப்பத்தில் குடித்துவிட்டு வருகிறவர்கள் அல்போன்சாவின் குடிசை வழியாகப் போகமாட்டார்கள். மணலில் கால் புதையச் சுற்றிக்கொண்டு போனாலும் போவார்களே தவிர, அவள் கண்ணில் படமாட்டார்கள். ஒரு நாள் மீன் மார்க்கெட்டில் போதையோடு அவள் கூடையில் கைவைத்தவனை, முழு வஞ்சிரத்தின் வாலைப் பிடித்துச் சுழற்றி முகத்தில் அறைந்தாள். முன்பற்கள் தெறித்து விழுந்தன. மீனுக்குச் சேதமில்லை. அதைக் கழுவி அடுத்த ஆளுக்கு விற்றுவிட்டாள்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பன் சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து, கட்டுமரத் துடுப்பால் அம்மாவின் தலையில் போட்டான். மூன்றாம் நாள் அம்மா செத்துப்போனாள். அடக்கம் முடிந்து திரும்பியதும் அல்போன்சா அந்தத் துடுப்பைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தாள். அந்த நெருப்பிலேயே சோறு பொங்கி அப்பன் முன்னால் வைத்து, "துன்னு" என்றாள். அவன் தின்றான். அதற்குப் பிறகு அவன் சாகிற வரைக்கும் அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்ட ஆள் காஸ்பர். நல்ல உயரம், படகு அடிப்பாகம் மாதிரி மார்பு. பாறையில் வலை சிக்கினால் குப்பத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், மேலே நிற்கிறவர்கள் பயந்துபோய் சிலுவை போட ஆரம்பித்த பிறகுதான் சிரித்துக்கொண்டே தலையை நீட்டுவான். கல்யாணத்துக்கு முன்னால் கோயில் வாசலில் வைத்து, குடிக்கமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷத்தில் கூட்டாளிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே வருஷத்துப் புயலில் அவன் கட்டுமரமும் உடைந்து போயிற்று. காஸ்பர் கடலை விட்டுவிட்டு, மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாய் ஓரத்தில் இருந்த பஞ்சுக் கொட்டகைக்கு வேலைக்குப் போனான்.

வடக்கே இருந்த மில்களில் கழித்துப்போட்ட பஞ்சு கால்வாயில் படகேறி அங்கே வரும். அதைப் பிரித்து, உதறி, மிலிட்டரி மெத்தைக்குத் திணிக்கிற வேலை. சிக்கெடுக்கும் யந்திரத்துக்கு ஆட்கள் வைத்த பெயர் பேய். உள்ளே ஆணி அடித்த உருளை ஒன்று சுற்றும். ஒரு பக்கம் பஞ்சைக் கொடுத்தால் மறுபக்கம் பூவாகக் கொட்டும். அடியில் இருந்த குழியில் தூசி விழும். குழியில் விழுந்தது கொஞ்சம், காற்றில் நின்றது அதிகம். நல்ல பகலில் விளக்கு ஏற்றினாலும் அது பனிக்குள் தெரிகிற நிலா மாதிரி மங்கித் தெரியும். பஞ்சு பறந்து வீணாகிறது என்று முதலாளி கஸ்தூரிரங்கன் ஜன்னல்களையெல்லாம் கோணி போட்டு அடைக்கச் சொல்லியிருந்தார். வெளியே வரும்போது எல்லாருக்கும் புருவமும் இமையும் நரைத்திருக்கும்.

முதலில் காஸ்பருக்கு இருமல் வந்தது. எல்லாருக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டான். அடுத்த வருஷம் வேறொன்று வந்தது. அது திங்கட்கிழமைகளில் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய், குழம்பு சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, தெம்பாகத்தான் வேலைக்கு வருவான். மத்தியானம் நெருங்கும்போது யாரோ மார்பைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு முறுக்குவதுபோல் இருக்கும். உடம்பு காயும். கால் தள்ளாடும். கண் சிவந்துபோகும். செவ்வாய்க்கிழமை பட்டை தளரும். புதன்கிழமைக்குள் மறந்தே போகும். வேலை ஓய்ந்த நாளில் நன்றாக இருந்து, வேலைக்குத் திரும்பிய நாளில் பிடிக்கிற வியாதி என்று ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மேஸ்திரி பாண்டுரங்கனுக்குத் தோன்றியது வேறு. "ஞாயித்துக்கெழம ஊத்திக்கினு திங்கக்கெழம வந்து ஆடறானுங்க" என்பான். யந்திரத்திலிருந்து அறுந்துபோன தோல் பெல்ட் ஒன்றைக் கையில் சுற்றி வைத்திருப்பான். திங்கட்கிழமை யார் தள்ளாடினாலும் அது முதுகில் விழும். கோபத்தில் அடிக்கிறவன் கொஞ்ச நேரத்தில் களைத்து நிறுத்திவிடுவான். பாண்டுரங்கனுக்குக் கோபமே வராது. ஈரத்துணியை உதறுகிற மாதிரி நிதானமாக அடிப்பான்.

ஒரு நாள் சாயங்காலம் மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வந்த பாண்டுரங்கன், அல்போன்சாவைப் பார்த்துவிட்டு நின்றான்.

"இன்னாமே, குடிகாரனக் கண்டா பல்ல ஒடைக்கிறவளாம் நீ. ஊட்ல ஒண்ண வெச்சிக்கினு ஊர்ல ஏன் தேடற?"

"யாரச் சொல்ற?"

"உன் ஊட்டுக்காரனத்தான். திங்கக்கெழம திங்கக்கெழம கண்ணு செவந்து, காலு பின்னிக்கினு வரான். நீ ஞாயித்துக்கெழம மார்க்கெட்ல கீற நேரம் பாத்து ஊத்திக்கிறான் போல கீது."

அல்போன்சா கூடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்குத் திங்கட்கிழமை. காஸ்பர் சீக்கிரமே வந்து, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. அவளுக்கு அந்த ஒன்றே போதும்.

"சாமி சத்தியமா நான் தொடல" என்றான் அவன். "வாய ஊதறேன். மோந்து பாரு."

மோந்தாள். வெற்றிலை வாசனைதான் வந்தது.

"வெத்தலயப் போட்டு மறைக்கிறியா?"

அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்தாள். தோளில், தொடையில், முழங்கையில் என்று பார்க்காமல் போட்டாள். ஒரு கையால் அவளைத் தூக்கி வெளியே வைத்துவிடக்கூடிய ஆள், இரண்டு கையாலும் மார்பை மறைத்துக்கொண்டு சுருண்டான். "நெஞ்சுல மட்டும் அடிக்காத" என்றான். "மூச்சு வரல."

அது பழக்கமாயிற்று. திங்கட்கிழமை பகலில் மேஸ்திரியின் பெல்ட், சாயங்காலம் பெண்டாட்டியின் விறகுக் கட்டை. குப்பத்துப் பெண்கள் அல்போன்சாவை மெச்சிக்கொண்டார்கள். இவள் மாதிரி நாமும் இருந்தால் நம் ஆம்பிளைகள் திருந்துவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். காஸ்பர் மட்டும் திருந்தவே இல்லை. திருந்துவதற்கு அவனிடம் எதுவும் இருந்தால்தானே!

யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகும் கொட்டகை ஓடிற்று. ஆஸ்பத்திரிக்கும் ஹாஸ்டலுக்கும் மெத்தை போயிற்று. அந்தச் சமயத்தில் காஸ்பருக்குத் திங்கட்கிழமை என்று தனியாக ஒன்றும் இல்லாமல் போயிற்று. எல்லா நாளும் திங்கட்கிழமை ஆயிற்று. ஒரு நாள் பஞ்சு மூட்டையோடு குப்புற விழுந்தான். பாண்டுரங்கன் எழுந்திரு என்று சொல்லி உதைத்ததில் விலா எலும்பு முறிந்தது. அதோடு வேலையும் போயிற்று.

காஸ்பர் கோபாலபுரத்துக்கு நடந்துபோய் முதலாளி பங்களாவின் கேட்டில் நின்றான். கஸ்தூரிரங்கன் வராந்தாவை விட்டு இறங்கவில்லை.

"இதோ பாருப்பா, ஆத்து வாசல்ல நின்னுண்டு இப்படி இருமாதே. குழந்தைகள் இருக்கா. குடியை விட்டுட்டு வா, பார்க்கலாம்."

அடுத்த வாரமே பாண்டுரங்கன் மார்க்கெட்டுக்கு வந்தான். "உன் புருஷன் எடம் காலியா கீது. நீ வா. உன்னிய மாதிரி ஒருத்தி எனக்கு வோணும்" என்றான். அந்த மழைக்காலத்தில் மீன் வரத்து குறைந்திருந்தது. படுத்த ஆளுக்குக் கஞ்சியாவது ஊற்ற வேண்டும். அல்போன்சா போனாள்.

தன்னை எதற்குக் கூப்பிட்டான் என்று முதல் திங்கட்கிழமையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாண்டுரங்கன் அவளை வாசலில் நிறுத்தினான். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அவள் முகத்துக்கு நேராக வாயை ஊத வேண்டும். சாராய வாடை அவளை விட்டுத் தப்பாது என்று ஊருக்கே தெரியும். ஒரு சிலர் நிஜமாகவே மாட்டினார்கள். அவள் தலையை ஆட்டினால் பெல்ட் விழும். அவர்கள் அலறும்போது அவளுக்கு இரக்கம் வரவில்லை. அம்மாவின் மண்டையிலிருந்து வழிந்த ரத்தம்தான் ஞாபகம் வந்தது. நல்ல வேலை செய்கிறோம் என்றே நினைத்தாள்.

பட்டணத்துக்கு மதுவிலக்கு வந்தது. சாராயக்கடைகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். கோயிலில் அதற்காக மெழுகுவர்த்தி ஏற்றியவர்களில் அல்போன்சாவும் ஒருத்தி. ஆனால் கடை மூடியும் திங்கட்கிழமை மூடவில்லை. முன்பைவிட அதிகம் பேர் மத்தியானத்தில் தள்ளாடினார்கள். "திருட்டுச் சாராயம்" என்றான் பாண்டுரங்கன். பெல்ட்டோடு இப்போது போலீஸ் பயமும் அவன் கையில் சேர்ந்துகொண்டது.

மீர்சாகிப்பேட்டையிலிருந்து வருகிற அமீனா பீ அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு பிரிப்பாள். வயதில் மூத்தவள், விதவை. தொழுகை தப்பமாட்டாள். ஒரு திங்கட்கிழமை அவள் மூட்டைமேல் சாய்ந்து, கையை மார்பில் வைத்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்தாள். பாண்டுரங்கன் அல்போன்சாவைக் கூப்பிட்டான்.

"மோந்து சொல்லு."

அல்போன்சா குனிந்து மோந்தாள். "ஒண்ணும் இல்ல மேஸ்திரி."

"நல்லா பாரு."

"இல்லன்றேன். அவங்க தொழுவறவங்க."

"பல்லு வெளக்கிட்டு வந்திருப்பா" என்று சொல்லிக்கொண்டே அவன் பெல்ட்டை வீசினான். கிழவியின் கழுத்தோரம் தோல் கிழிந்தது. அல்போன்சா பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் தடவையாக அவளுக்குள் எதுவோ இடறிற்று. ஆனாலும் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பஞ்சைப் பிரித்தாள்.

பொங்கலுக்குக் கொட்டகையை மூன்று நாள் மூடினார்கள். அல்போன்சா கடற்காற்றில் மீன் காயவைத்தாள், துணி துவைத்தாள், நன்றாகத் தூங்கினாள். திங்கட்கிழமை காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். யந்திரம் ஓட ஆரம்பித்தது. மத்தியானச் சோற்றுக்கு எழுந்தபோது கால் நிற்கவில்லை. மார்பின் குறுக்கே எதுவோ இறுகிற்று. மூச்சை இழுத்தாள், பாதி வழியிலேயே நின்றது. மறுபடி இழுத்தாள். உடம்பு கொதித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தண்ணீர்த் தொட்டியில் தன் முகம் தெரிந்தது. கண்கள் சிவந்திருந்தன.

குடிகாரியின் கண்கள்.

பாண்டுரங்கன் பார்த்தான், ஆனால் தன் ஆள் என்று அன்றைக்கு விட்டுவிட்டான். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கால்வாய்ப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். குடிசைக்குள் நுழைந்தபோது காஸ்பர் கோணி மூட்டையில் சாய்ந்து கிடந்தான். படுத்தால் அவனுக்கு மூச்சு வராது. அவள் அவனுக்கு எதிரே விழுந்தமாதிரி உட்கார்ந்தாள்.

"மத்தியானமா புடிச்சுதா?" என்று கேட்டான் அவன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"இங்க, பட்டை போட்ட மாரி?"

"உம்."

"நாளிக்கு கொறையும். பயப்படாத."

அவன் குரலில் குத்தல் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். இல்லை. வெந்நீர் வைத்துக் குடி என்றான். அவள் நகர்ந்து போய் அவன் சட்டையை விலக்கி, மேஸ்திரி முறித்த விலாவில் கை வைத்தாள். அதற்குக் கீழேயும் மேலேயும் தழும்புகள். அவை தன் விறகுக் கட்டை போட்டவை. தானும் தன் அப்பனைப்போலவே கை ஓங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பனாவது குடித்திருந்தான்.

"ஏன்யா என்னைத் திருப்பி அடிக்கல?" என்றாள்.

"மூச்சு வேணுமே" என்றான் காஸ்பர்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வாசலில் நிற்கவில்லை. "இனிமே நான் யார் வாயையும் மோக்கமாட்டேன் மேஸ்திரி. இது குடி இல்ல. இந்தத் தூசி. எனக்கே வந்துச்சு" என்றாள். பாண்டுரங்கன் சிரித்தான். "அப்போ நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான். உள்ளே யந்திரம் ஓடிற்று. மத்தியானம் அமீனா பீ எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், பேய்க்கு முன்னால் முட்டிபோட்டு விழுந்தாள். முகம் நீலமாகப் போயிற்று. பாண்டுரங்கன் வந்து பெல்ட்டை வீசினான். முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது, மூச்சுக்காகத் திறந்திருந்த அவள் வாயின்மேல் விழுந்தது. உதடு பிளந்து ரத்தம் பஞ்சில் தெறித்தது.

மூன்றாவது அடிக்கு ஓங்கிய பெல்ட் கீழே வரவில்லை. அல்போன்சா அதைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

ஒரு முறுக்கு முறுக்கி இழுத்ததில் அவன் மல்லாந்து விழுந்தான். பெல்ட்டின் இரும்புக் கொக்கி உள்ள நுனியால் அவன் முகத்தில் அடித்தாள். எழுந்திருக்கப் பார்த்தவன் வயிற்றில் முட்டியை ஏற்றினாள். அவன் அவள் மயிரைப் பிடித்து இழுத்தான், தரையில் அவள் தலையை மோதினான், கன்னத்தைக் கடித்தான். கூடை சுமந்த கழுத்து அது, மோதலுக்கு மசியவில்லை. அவன் பிடரியை இரண்டு கையாலும் பிடித்து, யந்திரத்துக்கு அடியில் இருந்த குழிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழி நிறையத் தூசி இருந்தது, மாவு மாதிரி, சாம்பல் நிறத்தில். அதற்குள் அவன் முகத்தை அழுத்தினாள்.

"ஊது! வாய ஊது! இப்போ ஊது, நான் மோந்து பாக்கறேன்!"

அவன் உதைத்தான், உதறினான். தூசி புகைபோல் கிளம்பிற்று. அவளுக்கும் மூச்சு அடைத்தது, ஆனால் கை தளரவில்லை. ஒருவரும் கிட்ட வரவில்லை. பெல்ட்டால் அடி வாங்கிய ஆம்பிளைகள், பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பாண்டுரங்கனின் கால்கள் உதைப்பதை நிறுத்தின. அப்போதுதான் அமீனா பீ, பிளந்த உதட்டோடு தவழ்ந்து வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடும்மா. இவனுக்காக நீ தூக்குல தொங்காத. வுடு."

அல்போன்சா விட்டாள். அவனைப் புரட்டிப் போட்டார்கள். மூக்கிலும் வாயிலும் சேறாகக் குழைந்த தூசி. முதுகில் குத்திக் குத்தி வாந்தி எடுக்கவைத்தார்கள். உயிர் திரும்பிற்று.

போலீஸ் வந்து அவளைக் கையைக் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் உள்ளங்காலில் லத்தியால் அடித்தார்கள். எங்கே குடித்தாய், யார் காய்ச்சியது என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். இல்லாத சாராயத்தை அவள் எங்கிருந்து காட்டுவாள்? அவள் இருமியதும் இருமலில் தள்ளாடியதும் போதைக்குச் சாட்சியாகப் போயின. கோர்ட்டில் கஸ்தூரிரங்கன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, குடிகாரக் கும்பலை வைத்துக்கொண்டு தான் படுகிற பாட்டைச் சொன்னார்.

மாஜிஸ்டிரேட், "நீ ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"அந்த ஜன்னலத் தொறக்கச் சொல்லுங்க சாமி" என்றாள். மேலே சொல்ல மூச்சு வரவில்லை. கோர்ட்டு ஜன்னலைச் சொல்கிறாள் என்று நினைத்து, சேவகன் எழுந்துபோய் அதைத் திறந்துவிட்டான். குடித்ததற்கும் அடித்ததற்கும் சேர்த்து ஆறு மாதம் போட்டார்கள்.

அந்த ஆறு மாதமும் அமீனா பீதான் காஸ்பரைப் பார்த்துக்கொண்டாள். கொட்டகையை விட்டுவிட்டு, மீர்சாகிப்பேட்டையிலிருந்து தினமும் நடந்து வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "உன் பொஞ்சாதி கைக்கு நான் கடன்பட்டிருக்கேன்" என்று அவனிடம் சொல்வாளாம். அல்போன்சா சிறையிலிருந்து வந்தபோது காஸ்பர் மார்புக்கூடாக இருந்தான். தோளை ஏற்றி ஏற்றி மூச்சு இழுத்தான். அவளைப் பார்த்ததும், "கன்னத்துல இன்னா காயம்?" என்று கேட்டான். "நாய் கடிச்சுது" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

ஐப்பசி மழையில் அவன் போனான். நிம்மதியான சாவு இல்லை அது. விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் காற்றோடு மல்லுக்கு நின்றான். கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. நகங்கள் கறுத்தன. குடிசையின் ஓலையைப் பிய்த்தான். அல்போன்சாவின் கையைப் பிடித்த பிடியில் அவள் சுண்டுவிரல் முறிந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் அழுத்து என்றாள். அவனை முதுகுப்பக்கமாகக் கட்டிப்பிடித்து, கடல் தெரிகிற பக்கமாக உட்காரவைத்தாள். வாசல் முழுக்கக் காற்று வீசிற்று. அதில் ஒரு வாய்கூட அவனுக்குள் போகவில்லை. கடைசியில் அவன் உடம்பு ஒரு தடவை எம்பிற்று. பிறகு கனத்தது.

அடக்கத்துக்குக் கொட்டகை ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அன்றைக்குத் திங்கட்கிழமை. ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. பாண்டுரங்கன் மட்டும்தான் கொட்டகையில் இருந்தான். அவன் குரல் கரகரத்துப் போயிருந்தது. பெல்ட்டைக் கையில் எடுப்பதில்லை என்றும், வாயை மோக்கிற வழக்கம் நின்றுவிட்டது என்றும் அவர்கள் சொன்னார்கள். ஜன்னலில் கோணி அப்படியே இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

அல்போன்சா மறுபடி மீன் விற்கப் போனாள். முன்போலக் கூவ முடியவில்லை. அமீனா பீ மீர்சாகிப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் குடிசைக்கே வந்துவிட்டாள். இருவரும் ஒரே கூடையை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். சாந்தோமிலிருந்து லஸ் வரைக்கும் ஒரு தெருவுக்கு ஒருத்தி. அல்போன்சாவுக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் அமீனா பீ கூடையை வாங்கிக்கொள்வாள். அமீனா பீக்கு முட்டினால் இருவரும் யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது மீன் வாங்க வருகிறவர்களிடம் அல்போன்சா, "கொஞ்சம் இரும்மா, மூச்சு வரட்டும்" என்பாள். அவர்களும் காத்திருந்தார்கள்.